பதினாறு வயது மகளைக் கோஸ்டா ரிக்காவின் காப்பித் தோட்டத்துக்கு அனுப்பலாமா?

நியூ ஜெர்சியில் வாழும் தாய் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: பள்ளியில் ஸ்பானிய மொழி படிக்கும் தம் 16 வயது மகள், வரும் ஜூலையில் கோஸ்டா ரிக்காவின் மலைக் கிராமம் ஒன்றில் உள்ளூர்க் குடும்பத்தோடு மூன்று வாரம் தங்கி, காப்பித் தோட்டத்தில் தன்னார்வ வேலை செய்ய விரும்புகிறாள், கட்டணம் பல ஆயிரம் டாலர், இதனால் அந்த ஊருக்கு உண்மையில் பயன் உண்டா, பெண்பிள்ளையைத் தனியே அனுப்புவது பாதுகாப்பா, சைவம் மட்டுமே உண்பவள் அங்கே எதைச் சாப்பிடுவாள், கல்லூரி விண்ணப்பத்துக்கு இது உதவுமா? இத்தகைய மாணவர் குழுக்களுக்குப் பொறுப்பாளராக ஐந்து கோடைகள் அந்த மலைகளுக்குச் சென்று வந்தவன் என்ற முறையில், தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அனுப்பலாம் என்பதே என் கருத்து. ஆனால் உங்கள் மகள் அந்த ஊருக்கு உதவப் போகிறாள் என்ற எண்ணத்தோடு அனுப்பாதீர்கள். மூன்று வாரத்தில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் கைகளால் ஒரு தோட்டத்துக்குக் கிடைக்கும் உழைப்பு மிகச் சிறிது. அந்தப் பிள்ளைக்கு வேலை கற்றுக்கொடுக்கவும், அவள் செய்ததைச் சரிபார்க்கவும், அவளுக்குச் சமைத்துப் போடவும் அந்த வீட்டார் செலவிடும் உழைப்பு அதைவிடப் பெரிது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால், எந்தப் பயண ஏற்பாடு நல்லது, எது பணத்துக்காக மட்டும் நடத்தப்படுவது என்று பிரித்துப் பார்ப்பது எளிதாகிவிடும்.

முதலில் பருவத்தைப் பாருங்கள். டர்ராசு, தோத்தா போன்ற உயரமான மலைப் பகுதிகளில் காப்பிப் பழம் பறிக்கும் காலம் ஏறத்தாழ நவம்பர் இறுதியிலிருந்து மார்ச் வரை. தாழ்வான துர்ரியால்பா பக்கத்தில் அறுவடை முன்னதாகவே தொடங்கிவிடும் என்பதால், போகும் ஊர் எது, அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உயர்ந்த மலையில் ஜூலை மாதம் செடிகளில் பச்சைக் காய்கள்தாம் இருக்கும். அப்படிப்பட்ட ஊரின் பெயரைப் போட்டுவிட்டு, உங்கள் பிள்ளை கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு சிவந்த பழங்களைப் பறிப்பாள் என்று ஜூலைப் பயணத்துக்கு விளம்பரம் செய்தால், அதை எழுதியவருக்கு அந்தத் தோட்டத்தோடு பழக்கமில்லை என்றே கொள்ள வேண்டும். ஜூலையில் உள்ள வேலைகள் வேறு: களையெடுப்பது, நாற்றங்காலில் பைகளுக்கு மண் நிரப்புவது, நிழலுக்காக மரக்கன்றும் வாழையும் நடுவது, பழத்தோலை மட்கவைத்து எருவாக்குவது, மழையில் சரிந்த நடைபாதையைச் செப்பனிடுவது. மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். காலையில் வெயில் அடிக்கும், பிற்பகலில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். ஆகவே வேலை விடியற்காலையில் தொடங்கி நண்பகலுக்கு முன்பே முடிந்துவிடும்.

ஜூலையில் பழம் இல்லாதது ஒருவகையில் நல்லதே. அறுவடை என்பது அங்கே கூலிக்காரர்களின் காலம். பனாமாவிலிருந்து ஙாபே பழங்குடிக் குடும்பங்கள் எல்லை கடந்து வருகின்றன. நிகராகுவாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பறித்த பழத்தை 20 லிட்டர் கொள்ளும் 'கஹுவேலா' என்ற அளவையால் அளந்து, அளவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிறார்கள். அந்த நாட்களில் கூலி வாங்காத வெளிநாட்டுப் பிள்ளைகளை வரிசைக்கு வரிசை இறக்கிவிட்டால், அது யாருடைய அன்றாடக் கூலியையோ குறைக்கும். தமிழர்களான நமக்கு இது விளங்காமல் போகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியாகக் கண்டி மலைகளுக்கு நடந்து போனவர்கள் முதலில் பறித்தது தேயிலையை அல்ல, காப்பியை. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் அந்தக் காப்பியை அழித்த பிறகே அங்கே தேயிலை பரவியது. அதே இலைத்துருதான் 2012, 2013 ஆண்டுகளில் நடு அமெரிக்கத் தோட்டங்களைச் சூறையாடியது. துருவைத் தாங்கும் வகைகளை நட்டுத் தோட்டத்தைப் புதுப்பிக்கும் வேலைக்குப் பல சிறு விவசாயிகள் தள்ளப்பட்டார்கள். உங்கள் மகள் மண் நிரப்பப்போகும் நாற்றுப் பைக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது. புறப்படும் முன் அவள் இதைப் படித்துத் தெரிந்துகொண்டால், களை பிடுங்கும் காலைகள் வெறும் களைப்பாகப் போய்விடமாட்டா.

நாற்றுப் பை என்றதும் நினைவுக்கு வருவதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கோடையில் எங்கள் குழு நான்கு நாள் உட்கார்ந்து பைகளுக்கு மண் நிரப்பியது. பிள்ளைகள் ஆர்வமாகத்தான் செய்தார்கள். ஆனால் மண்ணைத் தட்டி இறுக்கக் கற்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. அடியில் வெற்றிடம் இருந்தால் வேர் நேராக இறங்காது. நாங்கள் கிளம்பிய பிறகு அந்த வீட்டுப் பையன் பெரும்பாலான பைகளைக் கொட்டி மறுபடி நிரப்பினான் என்பது அடுத்த ஆண்டு பேச்சுவாக்கில்தான் எனக்குத் தெரியவந்தது. அவர்கள் அதைக் குறையாகச் சொல்லவில்லை; வந்த விருந்தினருக்கு இலை போடுவதைப் போல இதையும் தங்கள் பொறுப்பில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து, எந்த ஏற்பாட்டாளரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இந்த வேலையைக் கேட்டது யார், எங்கள் குழு வராவிட்டால் இதை யார், எப்போது செய்வார்கள்? தோட்டக்காரரோ ஊர்க் கூட்டுறவுச் சங்கமோ கேட்ட வேலை என்றால் பதில் உடனே வரும். பதில் மழுப்பலாக வந்தால், பிள்ளைகளுக்குப் பொழுது போக்குவதற்காக உண்டாக்கிய வேலை அது.

இந்த வகைப் பயணத்துக்கு வேர் இரண்டு. ஒன்று உழைப்பு. முதல் உலகப் போரில் அழிந்த வெர்டன் அருகிலுள்ள எஸ்ன் என்ற பிரெஞ்சுக் கிராமத்தைத் திரும்பக் கட்ட, 1920இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரசோல் பல நாட்டுத் தொண்டர்களைத் திரட்டினார். பகை நாடுகளாக இருந்தவற்றின் மக்கள் அங்கே சேர்ந்து வேலை செய்தார்கள். மற்றொன்று வீடு. 1932இல் அமெரிக்கரான டொனால்ட் வாட் தொடங்கிய முயற்சி, இளைஞர்கள் அயல்நாட்டில் ஒரு குடும்பத்தின் பிள்ளையாக வாழ்ந்தால் போதும், அதுவே கல்வி என்று நம்பியது. பதின்ம வயதினரைக் கோஸ்டா ரிக்காவுக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் அழைத்துப்போகும் இன்றைய ஏற்பாடுகள் இவ்விரண்டையும் ஒட்டவைத்தவை. 1965இல் ஹூஸ்டன் நகரின் இளம் தேவாலயப் போதகர் ஒருவர் பதின்ம வயதினரை ஹோண்டுராஸுக்கு அழைத்துச் சென்று போலியோ தடுப்பு மருந்து கொடுக்கவைத்தார். பயிற்சியில்லாத பிள்ளைகளை மருத்துவ வேலையில் இறக்குவதை இன்று பொறுப்புள்ள எவரும் ஏற்கமாட்டார்கள். உழைப்பின் பக்கத்தை நாம் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டின் பக்கம் மட்டும் 1932இல் இருந்ததைப் போலவே இன்றும் மதிப்புள்ளதாக இருக்கிறது.

ஆகவே உங்கள் கவனத்தின் பெரும்பகுதி அந்த வீட்டின் மேல் இருக்கட்டும். தங்கவைக்கும் வீட்டுப் பெண்மணியை அங்கே 'மமா தீகா' என்பார்கள். கோஸ்டா ரிக்காக்காரர்கள் தங்களைத் 'தீகோ', 'தீகா' என்று அழைத்துக்கொள்வதால் வந்த பெயர் அது. அந்த அம்மாவுக்கு ஓர் இரவுக்கு எவ்வளவு தொகை போகிறது, அது பிள்ளைகள் வருவதற்கு முன் கொடுக்கப்படுகிறதா, பின்னரா, ஊரில் எத்தனை குடும்பங்கள் முறைவைத்து இதில் பங்கேற்கின்றன என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கட்டணத்தில் சிறு துளியே அந்த வீட்டுக்குப் போகிறது என்றால், வேலையால் ஊருக்குப் பயன் என்ற பேச்சுக்கும் இடமில்லை, பணத்தால் பயன் என்ற பேச்சுக்கும் இடமில்லை. நான் பார்த்தவரையில், அந்த ஊருக்கு இப்பயணங்களால் கிடைக்கும் நேரான நன்மை வீட்டுப் பெண்களின் கைக்கு வரும் இந்த வருமானமே. காப்பி விலை விழும் ஆண்டுகளில் அவர்களில் சிலருக்கு அதுதான் பள்ளிக் கட்டணமாகவும் கடைக் கணக்காகவும் இருந்தது.

பாதுகாப்பும் வீட்டிலிருந்தே தொடங்குகிறது. வீட்டில் வாழும் வயதுவந்த ஒவ்வொருவரின் குற்றப் பின்னணியும் சரிபார்க்கப்பட்டதா, மகளுக்கு உள்ளே தாழிடக்கூடிய கதவோடு தனியறை உண்டா, ஒரே வீட்டில் இன்னொரு மாணவியும் தங்குவாளா, ஊரிலேயே வசிக்கும் பெண் ஒருங்கிணைப்பாளர் இருக்கிறாரா, அவர் வாரத்துக்கு எத்தனை முறை நேரில் வந்து பார்ப்பார் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, காரணம் சொல்லாமலே அன்றே வீடு மாறிக்கொள்ளும் உரிமை பிள்ளைக்கு இருக்க வேண்டும் என்பது. காரணம் சொல்லவேண்டும் என்றால், அந்நிய மொழியில், தன்னைச் சாப்பிடவைத்தவர்கள் மேல் புகார் சொல்லக் கூசி, பல பிள்ளைகள் வாய் திறக்காமலே இருந்துவிடுவார்கள். உங்கள் மகளிடமும் இதைத் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள்: மனத்துக்குச் சரியாகப் படவில்லை என்றால் அதுவே போதுமான காரணம், மரியாதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது பாம்பைப் பற்றி. அங்கே 'தெர்சியோபெலோ' என்ற கொடிய விரியன் வகை உண்டு. அதனால்தான் தோட்டத்தில் எல்லாரும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் அணிகிறார்கள். அந்த நாட்டிலேயே கிளோதோமிரோ பிக்காதோ நிலையம் என்ற ஆய்வுக்கூடம் விஷமுறிவு மருந்தைத் தயாரிக்கிறது. பூட்ஸ் போட்டு, கையை இலைக்குவியலுக்குள் விடாமல் இருந்தால், பாம்பைப் பற்றிய கவலை பெரிதும் அடங்கிவிடும். நான் உண்மையில் அஞ்சுவது தண்ணீருக்கும் சாலைக்கும். வார இறுதியில் குழுவைப் பசிபிக் கடற்கரைக்கு அழைத்துப்போவது வழக்கம். அங்கே கரையிலிருந்து ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டங்கள் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் கொண்டுபோயிருக்கின்றன. மழைக்காலத்தில் மலை ஆறுகள் கண்ணெதிரே பெருகும். பனிமூட்டமும் மண்சரிவும் உள்ள மலைச்சாலையில் இரவில் வண்டி ஓட்டக்கூடாது. உயிர்காப்பாளர் இல்லாத கடற்கரையில் இறங்கமாட்டோம், இருட்டிய பிறகு பயணம் செய்யமாட்டோம் என்ற இரண்டு உறுதிகளைத் தராத ஏற்பாட்டாளரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம் என்பேன்.

தோட்டத்தில் செய்யக்கூடாத வேலைகளும் உண்டு. பூச்சிமருந்து, களைக்கொல்லி தெளிப்பது, தெளித்த வயலுக்குள் உடனே போவது, புல்வெட்டும் இயந்திரத்தையோ மரமறுக்கும் இயந்திரத்தையோ இயக்குவது ஆகியவை 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குக் கூடவே கூடா. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1999ஆம் ஆண்டு உடன்படிக்கை, உடல்நலத்துக்குத் தீங்கு தரும் வேலைகளிலிருந்து இந்த வயதினரை விலக்கச் சொல்கிறது. தன்னார்வம் என்ற பெயர் சூட்டுவதால் நஞ்சின் தன்மை மாறிவிடாது. நீண்ட வெட்டுக்கத்தியை அந்த ஊர்ப் பிள்ளைகள் விளையாட்டாகப் பிடிப்பார்கள். உங்கள் மகள் அதைத் தொடவேண்டிய அவசியம் இல்லை. டெட்டனஸ், டைபாய்டு, கல்லீரல் அழற்சி ஏ ஆகிய தடுப்பூசிகளைக் குறித்து மருத்துவரிடம் ஒன்றரை மாதம் முன்பே பேசுங்கள்; டெங்குவுக்குக் கொசுவிரட்டியும் முழுக்கைச் சட்டையுமே காவல். அவசர எண் அங்கேயும் 911தான். பெற்றோர் இருவரும் கையொப்பமிட்டு நோட்டரி சான்றளித்த சம்மதக் கடிதமும், பயண மருத்துவக் காப்பீட்டின் படியும் அவள் பையில் இருக்கட்டும். அவள் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், பணம் கட்டும் முன்பே கோஸ்டா ரிக்காவின் தூதரகத்தில் விசா விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் ஒரு வரியை மட்டும் தனியாகத் தேடிப் பாருங்கள். தோட்ட வேலையோடு அநாதை இல்லக் குழந்தைகளுடன் ஒரு நாள் என்று சேர்த்திருந்தால், அந்தப் பயணத்தையே விட்டுவிடுங்கள். வந்து போகும் அந்நியர்களின் பாசம் அந்தக் குழந்தைகளைக் காயப்படுத்துகிறது என்பதாலும், பார்வையாளர்களின் பணத்துக்காகப் பெற்றோர் உள்ள குழந்தைகளே இல்லங்களில் சேர்க்கப்படும் கொடுமை பல நாடுகளில் நடந்திருப்பதாலும், 2019இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையே இத்தகைய தன்னார்வப் பயணங்களின் தீங்கைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. அது சோறு உண்ணும் நாடு. காலையில் 'காயோ பின்தோ' என்று, பழைய சோற்றையும் கறுப்பு அவரைப் பயறையும் வெங்காயம், கொத்தமல்லியோடு சேர்த்து வதக்கித் தருவார்கள். நாம் சௌசௌ என்றும் பெங்களூர்க் கத்தரிக்காய் என்றும் சொல்லும் காய் அந்த மண்ணுக்குச் சொந்தம்; அங்கே அதன் பெயர் 'சயோத்தே'. மரவள்ளிக்கிழங்கு, நேந்திரம்போன்ற வாழைக்காய், பப்பாளி, கொய்யா எல்லாம் உண்டு. கரும்பு வெல்லத்தை வெந்நீரில் கரைத்த 'ஆகுவா துல்சே' குளிரும் மாலைகளில் கொடுப்பார்கள். இருப்பினும் இரண்டு சிக்கல்கள் உண்டு. 'கார்னே' என்ற சொல்லைப் பலர் மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி என்ற பொருளில் மட்டும் கொள்வதால், கார்னே வேண்டாம் என்றால் அன்பாகக் கோழி வைப்பார்கள். எனவே, "நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ, நி ஹமோன்" என்று இறைச்சி, கோழி, மீன், பன்றித்தொடை ஆகிய நான்கையும் பெயர் சொல்லி மறுக்க அவளைப் பழக்குங்கள். முட்டை உண்பாளா என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். இரண்டாவது, பயறைத் தாளிக்கும் 'மந்தேக்கா' பன்றிக் கொழுப்பாக இருக்கலாம். வீடு ஒதுக்கும் முன்பே எண்ணெயில் சமைக்கும் குடும்பம் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். பருப்புப்பொடி, ஊறுகாய் முத்திரையிட்ட பொட்டலமாகப் போகட்டும். கறிவேப்பிலையும் விதைகளும் வேண்டாம், விவசாய நாட்டின் எல்லையில் அவற்றை நிறுத்துவார்கள்.

மொழி அவளுக்கு எளிதில் ஒட்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அங்கே மரியாதைச் சொல் வீட்டுக்குள்ளேயே புழங்குகிறது. பள்ளியில் அவள் கற்ற 'தூ' என்ற நீயைவிட 'உஸ்தெத்' என்ற நீங்கள்தான் அதிகம் காதில் விழும்; தாய் தன் குழந்தையையும் உஸ்தெத் என்றே அழைப்பார். பக்கத்து வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டாமல் "ஊப்பே!" என்று குரல் கொடுப்பார்கள், நம் ஊரில் "வீட்ல யாரு?" என்று கேட்டுக்கொண்டே நுழைவதைப் போல.

கல்லூரி விண்ணப்பத்துக்காக மட்டும் என்றால் இவ்வளவு பணம் செலவிட வேண்டாம். 2016இல் ஹார்வர்டு கல்வியியல் பள்ளியின் திட்டக்குழு ஒன்று வெளியிட்ட அறிக்கை, தொலைதூர நாட்டில் பகட்டுக்காகச் செய்யும் சேவையைவிட மனமொன்றி நீண்டகாலம் தொடர்ந்து செய்யும் சேவையே பொருளுள்ளது என்று சேர்க்கை அலுவலர்களுக்கு எடுத்துச் சொன்னது. பல பல்கலைக்கழகங்களின் சேர்க்கை அலுவலர்கள் அதை ஆதரித்தார்கள். இந்த ஆண்டு பணம் திரளவில்லை என்றாலும் வருந்த ஒன்றுமில்லை. 1971இல் இங்கிலாந்தில் சூ கொப்பர்டு தொடங்கிய வூஃப் என்ற இயற்கைப் பண்ணை வலையமைப்பில், 18 வயதானதும் வேலைக்கு ஈடாக உணவும் தங்குமிடமும் பெற்றுப் பல நாடுகளில் தங்கலாம். கோஸ்டா ரிக்காவின் மீதே அவளுக்குப் பற்று என்றால், மொண்டேவெர்டே பகுதியில் 22,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்துள்ள குழந்தைகளின் நிலைத்த மழைக்காட்டைப் பற்றிச் சொல்லுங்கள். 1987இல் சுவீடனின் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் நாடகம் போட்டும் பண்டங்கள் விற்றும் திரட்டிய பணத்தில் அந்தக் காட்டின் முதல் சில ஹெக்டேர்கள் வாங்கப்பட்டன. பல நாட்டுப் பிள்ளைகள் அவர்களைப் பின்பற்றினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த நாட்டை நேரில் பார்த்ததே இல்லை.

அனுப்புவது என்று முடிவானால் இன்னும் இரண்டு செய்திகள். முதல் மூன்று நாள் அவள் அழைத்து அழக்கூடும். பயம் தெரிகிறதா, வெறும் ஏக்கமா என்று குரலை வைத்துப் பாருங்கள். ஏக்கம் என்றால் நாளுக்கு ஒரு முறை, பத்து நிமிடம் என்று பேச்சைச் சுருக்கிக்கொள்ளுங்கள், அப்போதுதான் அவள் அடுப்படியில் போய் உட்காருவாள். மமா தீகாவுக்குப் பரிசாக என்ன கொடுப்பது என்று எல்லாரும் கேட்கிறார்கள். அந்த வீடுகளில் மரச்சட்டத்தில் துணிப்பை தொங்கவிட்டு, அதில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றிக் காப்பி வடிப்பார்கள்; அதற்கு 'சொர்ரெயாதோர்' என்று பெயர். ஒரு முறை என் குழுவில் வந்த தஞ்சாவூர்க் குடும்பத்துப் பெண் எவர்சில்வர் பில்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். தங்கள் தோட்டத்துக் காப்பி மேல் பாத்திரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்க்க அந்த வீட்டின் மூன்று தலைமுறையும் மேசையைச் சுற்றி நின்றது. அதையே வாங்கிக்கொடுங்கள், தூளைச் சற்று நைசாக அரைக்கவேண்டும், அழுத்தி நிரப்பக்கூடாது என்பதை மட்டும் புறப்படும் முன் வீட்டில் இரண்டு முறை போட்டுப் பழக்கி அனுப்புங்கள்.